கழற்றும் முன்

கழற்றுவது எவர்க்கும் எளிது. கழற்றியதைப் பழுதின்றி மீண்டும் பூட்டுவதன்றோ தொழிலறிவு!

1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை இடம்பெற்றது. அன்று முதல் இயந்திரத்திற்கு மூளையும் வாய்த்தது. வெப்பம், காற்றழுத்தம், சுழல்வேகம் ஆகியவற்றை அறிந்து, செலுத்த வேண்டிய பெட்ரோலின் அளவை அது முடிவு செய்கிறது. பட்டறையில் அதனை ‘ஈசியு’ என்பர்.

ஒரு பட்டறையில், 1990களில் செய்யப்பட்ட மகிழுந்தொன்று பழுதுற்று நின்றது. இரவுச் சந்தை வணிகர் ஒருவரின் பிழைப்பே அதை நம்பியிருந்தது. முன்னிருக்கையின் காலடியோரத்து மூடியை அகற்றியதும் ஈசியு தெரிந்தது. தொழில் பழக வந்த இளைஞன் கம்பிக் கொத்தைப் பற்றி இழுக்க முனைந்தான்.

“பொறு தம்பி! சாவியை இன்னும் அணைக்கவில்லையே” என்று முதியவர் தடுத்தார்.

சாவியை அணைத்து எடுத்தார். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார். சில நிமிடங்கள் காத்திருந்தார். வண்டியின் வெற்றிரும்பைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்கினார். பின்னர் இணைப்பின் பூட்டை அழுத்தி, கம்பிகளை இழுக்காமல், அதன் தலையைப் பற்றி நேராக விடுவித்தார். ஒவ்வோர் இணைப்பிலும் எண்சீட்டு ஒட்டினார்.

“இத்தனை நேரம் ஏன், ஐயா?”

“மின்னோட்டம் இருக்கையில் பிடுங்கினால் நொடியில் கெட்டுவிடக்கூடும். இதற்கு மாற்றுப்பெட்டி இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அவருடைய பிழைப்பை நீ தருவாயா?”

இளைஞன் தலைகுனிந்தான்.

பழுது நீக்கிய ஈசியுவைப் பூட்டும் பணி அவனிடமே விடப்பட்டது. கருவிகளை எடுக்குமுன், சாவி எங்கே இருக்கிறது என்று அவன் பார்த்தான்.