இரவுக்கு என்ன கூலி?

யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பகுதியிலே, ஒரு சிறிய பட்டறையின் உமியோட்டுக்கு முன்னால் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் குனிந்தே இருந்தார். ஊதுகுழலை ஊதி ஊதி அவருடைய கன்னங்கள் தளர்ந்திருந்தன. ஊரார் அவரைப் 'பத்தர்' என்று அழைத்தனர். எத்தனையோ கலியாண வீடுகளின் தாலிக்கொடியும் அட்டியலும் அவர் கையால் உருவாயின. ஆயினும் தம் சொந்தப் பெண்மக்களுக்கென ஒரு பவுண் சேர்த்துவைக்க அவரால் இயலவில்லை. விடுமுறை நாட்களில் நான் பட்டறைக்குச் சென்றால், "தம்பி, குறடு பிடிக்கிற கையை ஆரும் மதிக்கமாட்டினம். நீ படிச்சு ஒரு உத்தியோகம் எடு" என்பார்.

நானும் படித்தேன். தனியார் நிறுவனமொன்றிலே கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்தது. தந்தையார் மறைந்தபின் அவருடைய குறடும், சாமணமும், கம்பி இழுக்கும் துளைத்தகடும் மரப்பெட்டியொன்றில் என் கட்டிலின்கீழ் உறங்கின.

அப்பெட்டியைத் திறக்கவைத்தது கலையார்வமன்று, பசி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவில் நின்றது. சம்பளத் தொகை மாறவில்லை. அதைக்கொண்டு வாங்கிய அரிசியின் அளவு மாறிற்று. அயல்வீட்டு ஆசிரியை ஒருவர் அறுந்த வெள்ளிக் கொலுசொன்றைக் கொணர்ந்து, "பத்தரின்ர மகன்தானே, ஒட்டித் தாருமன்" என்றார். ஒட்டிக் கொடுத்தேன். பின்னர் ஒரு தோடு, பின்னர் மிஞ்சி. இவ்வாறு இரவுகள் பட்டறையாயின.

வெள்ளி வேலை எளிதன்று. 92.5 பங்கு வெள்ளியோடு 7.5 பங்கு செம்பு சேர்த்து மூசையில் உருக்கவேண்டும். வெள்ளி உருக 961 பாகை வெப்பம் வேண்டும். உருக்கியதைத் தட்டி நீட்டி, துளைத்தகட்டின் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றிக் கம்பியாக இழுக்கவேண்டும். இடையிடையே சூடேற்றி இளக்காவிடின் கம்பி அறுந்துவிடும். வெண்காரம் பூசிப் பற்றாசு வைத்து ஒட்டும்போது, ஒரு கணம் கூடுதலாக ஊதினால் மூன்று இரவுகளின் உழைப்பு உருகி உருண்டையாகும். இறுதியில், கறுத்த நகையைப் புளிநீரில் கொதிக்கவைத்தால் வெள்ளையாகிச் சிரிக்கும். அச்சிரிப்பைக் காணும்போது களைப்புத் தெரியாது. தெரியாமற்போனதே என் பிழை.

ஒருநாள் என் மனைவி கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். ஒரு சோடித் தோட்டின் விலை 3,000 ரூபாய். வெள்ளி 2,000, கரி, வெண்காரம் முதலியன 300, எஞ்சியது 700. சென்ற நேரமோ ஏழு மணித்தியாலம். "இஞ்சாருங்கோ, கந்தோரில ஊருக்கெல்லாம் கணக்கெழுதிறியள். உங்கட இரவுக்கு விலை இல்லையோ?" என்று கேட்டாள். சம்பளம் வருகிறதுதானே என்று சமாதானம் கூறினேன்.

அச்சமாதானத்தை உடைத்தவர் என் தந்தையாரோடு கூடவிருந்து வேலைசெய்த முதியவர் ஒருவர். என் படலையடியில் நின்றபடியே, "தம்பி, உமக்குச் சம்பளம் வருது, தோடு உமக்கு மேல்வரும்படி. எனக்கு உந்தத் தோடுதான் சம்பளம். நீர் மூவாயிரத்துக்குக் குடுத்தா, என்னட்டை வாறவையும் மூவாயிரம் எண்டுதான் கேப்பினம்" என்றார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

அன்றிரவு ஓர் உண்மை விளங்கிற்று. பகுதிநேர உழைப்பாளி தன் உழைப்பை மலிவாக விற்பது தாராள மனமன்று. முழுநேர உழைப்பாளியின் சோற்றிலே கைவைப்பதாகும். முதலாளி மட்டுமே கூலியைக் குறைப்பான் என்று கூட்டங்களிலே பேசிவந்த நான், என் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒரு கிழவரின் கூலியைக் குறைத்துக்கொண்டிருந்தேன்!

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்கிறது நமது பழமொழி. தட்டானுக்கு நேரிய கூலி கொடுத்ததா என்று அப்பழமொழி கேட்பதில்லை. கூலியைக் கூலியென்று கேட்க வழியில்லாத இடத்தில் அது 'சேதாரம்' என்னும் பெயரின்பின் ஒளிந்துகொள்கிறது. சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டி இராச்சியக் கைவினைஞர் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த முறையை விவரித்தார். அந்நிலம் சோறளித்தது மெய். பிறப்போடு தொழிலைப் பிணைத்ததும் மெய். நமக்கு வேண்டியது அப்பாதுகாப்பு, அப்பிணைப்பன்று.

மறுநாள் முதல் சிட்டையில் மூன்று வரிகள் எழுதலானேன்: வெள்ளியின் நிறை, செலவு, கூலி. கூலி மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் என்று முதியவரும் நானும் பேசி முடிவுசெய்தோம். தோட்டின் விலை 4,400 ஆயிற்று. வந்தவர்களுட் பாதிப்பேர் திரும்பிச் சென்றனர். அச்சில் வார்த்த நகை அதைவிட மலிவு. எஞ்சியோர் வரிகளை வாசித்துவிட்டுப் பேரம் பேசாமற் கொடுத்தனர்.

2024 இறுதியில் உத்தியோகத்தை விட்டேன். இதை வெற்றிக் கதையாக யாரும் கொள்ளவேண்டாம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என் சம்பளத்தின் 8 வீதமும், அதற்குமேல் முதலாளி செலுத்தும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சென்றுகொண்டிருந்தன. உமியோட்டுக்கு முதலாளியில்லை, ஆகவே அப்பன்னிரண்டு வீதமும் இல்லை. 2025இல் வெள்ளியின் விலை பெரிதும் ஏறியபோது இரு மாதங்கள் புதுவேலை வரவில்லை. பழைய வெள்ளியைக் கொண்டுவருவோருக்கு அழித்துச் செய்துகொடுத்தே பிழைத்தோம். நாம் என்கிறேன், ஏனெனில் முதியவரும் இப்போது என் திண்ணையிலேயே இருக்கிறார். கல் பதிப்பது அவர், கம்பி வேலை நான், கணக்கு என் மனைவி. மூவருக்கும் கூலி எழுதப்படுகிறது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலே ஒரு பத்தரின் பிள்ளை இருக்கக்கூடும். படித்து அத்தொழிலைவிட்டு ஓடிவிடு என்று மட்டும் அப்பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். தகப்பனின் ஒரு நாள் உழைப்புக்கு விலை என்னவென்று கணக்குப்பாடத்திலே கேளுங்கள். என் தந்தையாரின் நாற்பது ஆண்டுகளுக்கு அக்கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கெழுதக் கற்ற நான்கூட.