முதலில் செடி, பிறகு மீன்

செடிகள் உயிரோடு வளரும் நன்னீர்த் தொட்டிக்குச் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ‘பிளாண்டட் டேங்க்’ என்று பெயர். அங்கே பக்கோபா என்று கட்டுக்கட்டாக விலைபோகும் செடி வேறொன்றுமில்லை, விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற ஏரிப்பாசன ஊர்களில் வரப்போரக் கசிவில் தானாகப் படரும் நீர்ப்பிரமிதான். நாலு இலை விரித்துச் சேற்றில் கிடக்கும் ஆரைக்கீரையின் இனத்தை வெளிநாட்டார் தொட்டித் தரையில் புல்வெளிபோல வளர்க்கிறார்கள். துன்பத்திலும் விலகாமல் ஒட்டி நிற்கும் உறவினருக்கு ஔவையார் உவமை சொன்ன கொட்டியும், பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழைக் காட்ட உதவும் ஹைட்ரில்லாவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். கலங்கல் தெளிந்து வெயில் தரையைத் தொடும் இடங்களில்தான் இச்செடிகள் எழும்பும். கீழே வண்டல், மேலே தெளிந்த நீர், நல்ல வெளிச்சம், மெல்லிய ஓட்டம். தொட்டிக்கு வேண்டியவையும் இவையே. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வாலிஸ்நேரியாச் செடி, தங்கமீன், நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடிக் கலனில் வாழவைத்துக் காட்டினார். சென்னை மெரினாவில் 1909இல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. செடியையே முதன்மையாக்கித் தொட்டியை நிலக்காட்சிபோல அமைக்கும் பாணியை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானின் தகாஷி அமானோ.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். இதற்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். வெட்டுபவர் கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் கோடு போடுவார். அதே கோட்டில் மறுமுறை இழுத்தால் விளிம்பு செதில்செதிலாகத் தெறிக்கும். பிறகு கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து ஓர் அழுத்து. ‘டக்’ என்ற ஒலியோடு கண்ணாடி பிரியும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பின்பே சிலிக்கான் பசை. ஒட்டும்போது கடை முழுவதும் காடி நெடி அடிக்கும். அந்த நெடி அடங்க ஓரிரு நாளாகும். அதற்குள் தண்ணீர் ஊற்றுவது அவசரக்காரர் வேலை. மண்ணும் நீருமாகத் தொட்டி 80 கிலோவை நெருங்குவதால், தாங்குபலகையை ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மகோல் விரித்து அதன்மேல் உட்கார வைப்பார்கள்.

பலர் சறுக்குவது அடிமண்ணில்தான். வண்ணக் கூழாங்கல் கண்ணுக்கு அழகு, வேருக்கு ஒன்றுமில்லை. உரமோ பூச்சிமருந்தோ படாத செம்மண்ணைச் சலித்து, சில நாள் ஊறவைத்து, மேலே மிதக்கும் சக்கையை வடித்துவிட்டு ஓர் அங்குலம் பரப்ப வேண்டும். அதன்மேல், கழுவிய நீர் தெளியும்வரை அலசிய பருமணல் இரண்டு அங்குலம். வயலுக்கு எரு போட்டுப் பழகிய கை இங்கேயும் ஒரு பிடி சாணத்தைச் சேர்க்கத் துடிக்கும். அது அழுகி அம்மோனியாவைக் கிளப்பும், நீர் நாறும். கல் வைப்பதானால் அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, நீரின் கடினத்தன்மையை அது ஏற்றிக்கொண்டே போகும்.

நீரே கடினமாக இருந்தால்? பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள ஊர்களில் இது அன்றாடப் பிரச்சினை. மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பாதிக்குப் பாதி கலப்பது ஒரு வழி. அந்த நீரைத் தாங்கும் வாலிஸ்நேரியாவையும் கொடிப்பாசி வகைகளையும் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. செலவிலும் உழைப்பிலும் இதுவே மேல். குளோரின் கலந்த குழாய் நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும்.

நடவுக்கு நீண்ட இடுக்கி வேண்டும். தண்டுச் செடிகளின் அடியிலைகளைக் கிள்ளி, இரண்டு கணு புதையும்படி ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். கொத்தாக நட்டால் நடுத்தண்டு அழுகும். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவற்றின் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் போகவே கூடாது. மரக்கட்டையில் நூலால் கட்டிவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். இலங்கைக் காட்டோடைகளுக்குரிய கிரிப்டோகோரைன் வகைகள் நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து மொட்டையாகும். செடி செத்தது என்று பிடுங்குபவர் ஏமாறுகிறார். நாற்றங்காலில் பல செடிகள் ஈரக் காற்றில் வளர்க்கப்படுகின்றன; அந்த இலைக்கு நீருக்குள் வாழத் தெரியாது. வேர் உயிரோடிருக்கும், புது இலை நீருக்கேற்ற உருவில் வரும்.

விளக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சன்னல் வெயில் நேராக விழுந்தால் செடியை முந்திக்கொண்டு பாசி வளரும். வேகமாக வளரும் செடிகளுக்குக் கரியமில வாயு தேவை. காசுள்ளவர் சிலிண்டர் வைப்பார். மற்றவருக்குச் சர்க்கரைக் கரைசலும் ரொட்டி ஈஸ்ட்டும் அடைத்த பாட்டிலே போதும். சித்திரை, வைகாசியில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

செடி தன் குறையை இலையில் எழுதிக் காட்டும். புதுத் தளிர் வெளுத்தால் இரும்புச்சத்து போதவில்லை. பழைய இலை மட்டும் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. அதில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும்.

மீன் கடைசியில்தான். கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரமாகும். கடையிலிருந்து தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் தூக்கிவருபவர்கள் அடுத்த வாரமே மீனுக்காகத் திரும்பிப் போவது இதனால்தான்.

செடி தழைத்துவிட்டால் வாராவாரம் கத்தரிக்க வேண்டும். வெட்டியதை எங்கே போடுவது? இலங்கையிலிருந்து 1950களின் தொடக்கத்தில் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, கால்வாய்க்குத் தப்பி, அம்மாநிலத்தின் ஏரிகளை அடைத்துக்கொண்டது. நம் ஏரிகளை மூடிய ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததே. ஆகவே தொட்டிக் கழிவை ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.