பூச்சுக்குள் மறைந்த விரிசல்

சக்கரத்தைக் கண்ட நாள்தொட்டே மனிதனின் பயணம் விரைவு கொண்டது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லுப்பட்டறையின் முன் வேடிக்கை பார்த்து நின்ற இளமைக்காலம் எமக்கு உண்டு. இன்று பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் பெரிய டயர் ஆலை இயங்குகிறது. புகை கக்காத மின்மகிழுந்துகள் திருச்சி நெடுஞ்சாலையில் ஓசையின்றி ஓடுகின்றன. 2001ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து 'ரேவா' என்னும் சிறு மின்மகிழுந்து வந்தபோது அதனை விளையாட்டுப் பொருள்போல் பார்த்தவர் பலர். 2020ஆம் ஆண்டு 'நெக்சான்' மின்மகிழுந்து விற்பனைக்கு வந்தது. இன்று எம்மூர்த் தெருக்களிலும் இத்தகைய வண்டிகளைக் காண்கிறோம். அவ்வாறான வண்டி ஒன்றின் பழைய சக்கரங்கள் நான்கை விற்கப்போய் நாம் கற்ற பாடத்தை ஈண்டு எழுதத் துணிகின்றோம். தமிழ்த்துறை மலரில் சக்கர வணிகத்துக்கு என்ன வேலை எனப் பெரியோர் வினவக்கூடும். பொறுமையுடன் படித்தருள வேண்டுகிறோம்.

எம் அண்ணன் மகன் லெப்பைக்குடிகாட்டில் வசிப்பவன். வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டவன். தன் மின்மகிழுந்துக்குப் புதிய அலாய் சக்கரங்களை மாட்டிக்கொண்டான். பழைய நான்கையும் கருநிறத்தில் பவுடர் கோட்டிங் செய்து விற்பனைக்கு அணியமாக்கினான். அதற்குள் துபாய் வேலைக்கு அழைப்பு வரவே, சக்கரங்களை எம் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு விமானம் ஏறினான்.

பவுடர் கோட்டிங் என்பது தூரிகையால் பூசும் வண்ணம் அன்று. முதலில் பழைய பூச்சைச் சுரண்டி உலோகத்தைத் தூய்மையாக்குவர். பின்னர் உலர்ந்த வண்ணப்பொடிக்கு மின்னேற்றம் தந்து தெளிப்பர். பொடி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள அடுப்பில் வைத்தால் பொடி உருகி, இறுகி, வழவழப்பான தோலாகிவிடும். சொட்டாது, எளிதில் உரியாது, துருவைத் தடுக்கும். நல்ல தொழில்நுட்பந்தான். ஆயினும் அதற்கு ஒரு தீய ஆற்றலும் உண்டு: அடியில் இருப்பதை அது முற்றாக மறைத்துவிடும். எம் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் பார்வைக்கு மரம், தொட்டால் கல். அது இயற்கை செய்த மாற்றம். அதில் வஞ்சனை இல்லை. மனிதன் செய்யும் மாற்றத்திற்கோ உள்நோக்கம் உண்டு.

துபாயிலிருந்து அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். "சின்னத்தா, ஒரு சக்கரம் அரியலூர்ச் சாலையில் பள்ளத்தில் விழுந்து உட்புறம் விரிசல் விட்டது. வெல்டிங் வைத்து அடைத்துத்தான் கோட்டிங் செய்தேன். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. மறுக்காமல் இருந்ததே உடன்பட்டதாயிற்று.

மறுநாள் மாலை அரியலூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சிமெண்ட் ஆலையொன்றில் பணிபுரிபவர். அதே வகை வண்டி வைத்திருப்பவர். சக்கரங்களைத் தடவிப் பார்த்தார். புதியவைபோல் இருக்கின்றன என மகிழ்ந்தார். "நீங்கள் கல்லூரி ஆசிரியர், உங்களிடம் நான் என்ன சோதித்துப் பார்ப்பது சார்?" என்றார். 18,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கினோம். அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறைந்த எம் அத்தா சின்ன வெங்காய வியாபாரி. பட்டறையில் இருந்து வெங்காயத்தை எடுக்கும்போது ஈரம் பட்டதையும் அழுகலையும் தனிக்கூடையில் போட்டு, அந்தக் கூடையையே கடையின் முன்னால் வைப்பார். "இதைப் பார்த்துவிட்டு அப்புறம் நல்லதைப் பாருங்கள்" என்பார். அதனால் அவர் செல்வர் ஆகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய வரலாற்றை அத்தாதான் எமக்கு முதலில் சொன்னவர். அந்த ஈரம் மழையால் வந்தது, வணிகர் செய்ததன்று. ஆயினும் மறைத்தது அவர் பிழையாயிற்று. எம் சக்கரத்தின் விரிசலும் சாலைப் பள்ளத்தால் வந்தது, மறைத்ததோ நாம்.

பொருளின் குறையைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு என்னும் கருத்து 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் சில விலக்குகளோடு இடம்பெற்றுள்ளது. இசுலாமியச் சட்டநெறியோ, விற்பவர் சொல்லாத குறையைப் பின்னர்க் கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு வழங்குகிறது. தமிழ் நெறியும் இதற்கு வேறன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்வதும் இல்லை, குறைத்துக் கொடுப்பதும் இல்லை எனப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் எனத் திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கிறார். இவற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி ஊதியம் பெறுபவர் நாம். இதனை எண்ணியபோது நாணம் மிகுந்தது.

அச்சமும் சேர்ந்துகொண்டது. மின்மகிழுந்து அதே அளவுள்ள பெட்ரோல் வண்டியைவிட எடை மிகுந்தது. அடித்தளத்தில் உள்ள மின்கலத் தொகுப்பே அதற்குக் காரணம். புறப்படும்போதே முழு விசையும் சக்கரத்தின்மேல் பாயும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடித் தேய்ந்த அரியலூர்ச் சாலையில், ஒட்டுப்போட்ட சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? அந்த இளைஞர் தம் இரு பிள்ளைகளை அவ்வண்டியில்தான் பள்ளிக்கு அழைத்துச் செல்வதாகக் கூறியிருந்தார்.

விடிந்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சக்கரத்தை மாட்ட வேண்டா என்று கூறிவிட்டு, அரியலூருக்குப் பேருந்து ஏறினோம். அரியலூர் என்றாலே 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் நினைவுக்கு வரும். வெள்ளப்பெருக்கில் மருதையாற்றுப் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர்; வெள்ளத்தை வரவழைத்தவரும் அல்லர். எனினும் பொறுப்பு எமது என்று பதவி விலகினார். தாம் செய்யாத பிழைக்கு அவர் பொறுப்பேற்றார். செய்த பிழையைச் சொல்லவே எமக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

இளைஞரும் நாமும் டயர் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் உட்புறப் பூச்சைச் சுரண்டியதும் வெல்டிங் தழும்பு தெரிந்தது. ஏனைய மூன்றையும் எந்திரத்தில் சுழற்றிப் பார்த்தார், குறையில்லை. மூன்றையும் 12,000 ரூபாய்க்கு வைத்துக்கொள்ள இளைஞர் இசைந்தார். 6,000 ரூபாயைத் திருப்பித் தந்தோம். அவர் எம்மைப் பாராட்டுவார் என்ற எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் இருந்தது உண்மை. அவரோ, "நேற்றே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் கூறினார். அச்சொல்லுக்கு எம்மிடம் விடையில்லை.

விரிசல் விட்ட சக்கரத்தை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடவில்லை. மீண்டும் எவரேனும் பூச்சிட்டு விற்றுவிடக்கூடும் என்பதால், பட்டறையில் இரு துண்டாக அறுத்த பின்னரே எடைக்குப் போட்டோம். அண்ணன் மகனுக்கு வருத்தம். இரண்டு வாரம் பேசவில்லை. நட்டத்தை எம் ஊதியத்திலிருந்து ஈடுசெய்தோம்.

அந்த வாரம் வகுப்பில் வாணிகம் பற்றிய குறளை நடத்த நேர்ந்தது. வழக்கம்போல் குரல் உயரவில்லை. மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் வணிகராகலாம், அலுவலராகலாம், ஆசிரியராகலாம். ஒவ்வொரு தொழிலிலும் மேற்பூச்சுக்கு இடமுண்டு. கேட்டால் சொல்வது போதாது. கேளாதவருக்கும் சொல்வதே வாய்மை. அதனை ஒருநாள் தாழ்த்திச் சொன்னவர் என்ற முறையில், காலத்தே சொல்லுங்கள் என உங்களை வேண்டுகிறோம்.