பழைய டயரைக் காட்டுங்க

“பாய், எந்த டயர் நல்லா இருக்கும்?” என்று வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவிலிருந்து எழுந்து வந்து, வண்டியை நடு ஸ்டாண்டில் போடச் சொல்கிறார். பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுகிறார். டயரில் மேடாக நிற்கும் பட்டன் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறார். பிறகுதான் வாய் திறக்கிறார், அதுவும் கேள்வியாக: “டெய்லி எவ்ளோ ஓட்டுவீங்க? பின்னாடி ஆள் உக்காருமா?”

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோடு என்று சொல்லும் தெருவில், இருக்கிறது அந்தக் கடை. சீட் கவர், சைலன்சர், கண்ணாடி, டயர் என்று இரு சக்கர வண்டிக்கு வேண்டியதெல்லாம் இந்தத் தெருவில் கிடைக்கும், வேண்டாததும் கிடைக்கும். பாய் கடைக்காரர் அல்ல. முதலாளி உள்ளே கல்லாவில் இருக்கிறார். பாய் வெளியே நடைபாதையில், லீவர்களோடும் சோப்புத் தண்ணீர் வாளியோடும் உட்கார்ந்து டயர் மாட்டுகிறவர். என் பல்சர் 150-க்குப் பின் டயர் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் சாக்கு வைத்து, வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் அங்கேயே இருந்துவிட்டேன்.

என் டயரைப் பார்த்ததும், “ஜி.எஸ்.டி. ரோடா சார்? செங்கல்பட்டு சைடா?” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். டயரின் நடுவில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். நடுப்பகுதி சப்பட்டையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் பட்டன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. நேர்ச்சாலையில், ஒரே சீரான வேகத்தில் போகும் வண்டிக்கு வரும் தேய்மானம் இது. ஊருக்குள் சந்து சந்தாக வளைந்து ஓடும் வண்டியில் ஓரமும் கூடவே தேய்ந்திருக்கும். கார் டயர் சப்பட்டையாக இருந்தால் தப்பில்லை. பைக் சாய்ந்து திரும்பும் வண்டி. டயர் உருண்டையாக இருந்தால்தான் அந்தச் சாய்வு சீராக வரும். நடு சப்பட்டையானால், வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கும், அப்புறம் அந்த விளிம்பைத் தாண்டியதும் பொசுக்கென்று விழும். டயர் மாற்றிய பிறகு வண்டியே புதுசாகிவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது என்பதை டயரே சொல்லும். பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக மேலே போய்ப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு அந்த மட்டம் 0.8 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தை விடக் குறைவு. அதுவரைக்கும் ஓட்டலாம் என்பது சட்டம். மழைக்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும் என்பது பாயின் கட்சி. “பள்ளம் எதுக்கு இருக்குது? தண்ணி வெளிய போறதுக்கு. பள்ளமே இல்லன்னா தண்ணி எங்க போவும்?” சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளின் மேல் நனைந்த டயர் ஏறும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, அது போதும்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் பழைய ஸ்ப்ளெண்டரில் வந்தார். பஞ்சர் என்று வந்தவர். பாய் டியூபை விட்டுவிட்டு முன் டயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெரியவருக்குப் பிடிக்கவில்லை. “அதுக்கென்ன? பட்டன் அப்படியே புதுசு கணக்கா இருக்கு. நான் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் எடுக்கிறது.”

“அதான் பெரியவரே பிரச்சினை” என்று சொல்லிவிட்டு, டயரின் பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மடக்கினார் பாய். மயிரிழை மயிரிழையாக நூற்றுக்கணக்கில் வெடிப்புகள் வாய் திறந்தன. பிறகு ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னார். 1115. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு: 2015-ஆம் ஆண்டின் 11-வது வாரத்தில் தயாரானது.

ரப்பர் ஓடித்தான் கெடும் என்பதில்லை. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் நிற்கிற வண்டியின் டயரையும் விடுவதில்லை. ரப்பரைக் காக்கச் சேர்த்த பொருள்கள் மெல்லத் தீர்ந்துபோகும், ரப்பர் இறுகும், வெடிக்கும். பட்டன் முழுசாக இருக்கும், பிடிமானம் இருக்காது. அதிலும் முன் டயர் மெதுவாகத் தேய்வதால் அதைப் பல பேர் மறந்தே போகிறார்கள். அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்வது அந்த டயரின் மேல்தான். பெரியவர் பென்ஷனைப் பற்றியும் மாதக் கடைசியைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். முன் டயரை மட்டும் மாற்றிக்கொள்வது, பின் டயர் அடுத்த மாதம் என்று பேச்சு முடிந்தது. ஆனால் புதிதாக எடுத்து வந்த டயரின் நான்கு இலக்கத்தையும் அவரே குனிந்து படித்த பிறகுதான் காசு எடுத்தார். கல்லாவிலிருந்து முதலாளி பாயை ஒரு பார்வை பார்த்தார்.

என் கதைக்கு வருகிறேன். பாய் கேட்டதற்கிணங்கக் கடைப் பையன் உள்ளேயிருந்து மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். மூன்றும் ஒரே அளவு: 100/90-17. அகலம் 100 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம். ரிம் 17 அங்குலம். அதை அடுத்து 55பி என்று இருந்தது. 55 என்றால் 218 கிலோ வரை தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. கம்பெனி போட்ட எண்ணுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்பது இதில் ஒரே விதி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்கு ஐ.எஸ். 15627 என்ற தரக்குறியீடு கட்டாயம்.

அளவு ஒன்று, எண் ஒன்று. அப்புறம் எதை வைத்து ஒப்பிடுவது? இங்கேதான் பெரும்பாலும் கம்பெனிப் பெயரில் போய் நின்றுவிடுகிறோம். எம்.ஆர்.எஃப்.பா, சியட்டா, யூரோகிரிப்பா, மிஷெலினா என்று டீக்கடையில் கட்சி கட்டி வாதாடுகிறோம். இதில் பாதி இந்த ஊர்ச் சரக்கு. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி. யூரோகிரிப் மதுரைக்காரர்களுடையது. அப்பல்லோவுக்கு ஒரகடத்தில் ஆலை. ஊர்ப்பாசம் இருந்தால் குற்றமில்லை. ஆனால் ஒரே கம்பெனி ஒரே அளவில் இரண்டு மூன்று ரகம் போடுகிறது என்பதையும், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இருக்கும் வித்தியாசத்தை விடப் பெரிது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

பாய் நகத்தால் சொன்னார். மூன்று டயரிலும் என் கட்டைவிரல் நகத்தைப் பதிக்கச் சொன்னார். முதலாவதில் நகம் வழுக்கியது. மூன்றாவதில் பிறைபோல் தடம் விழுந்து மெல்ல மறைந்தது. கெட்டி ரப்பர் நிறைய நாள் உழைக்கும். நனைந்த தார்ச்சாலையில் பிடிக்காது. மிருதுவானது பிடிக்கும், சீக்கிரம் கரையும். ரப்பரில் சேர்க்கும் கார்பன் கறுப்பு தேய்மானத்தைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறது, டயரின் கறுப்பு நிறமும் அதனால்தான். சிலிக்கா சேர்த்தால் ஈரத்தில் பிடிமானம் கூடும். கூடவே பள்ளங்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். முதலாவதில் நடுவில் தொடர்ச்சியான ரப்பர் பட்டை. நெடுஞ்சாலைக்கு நல்லது, நேராக ஓடும், மெதுவாகத் தேயும். மூன்றாவதில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டு வெட்டாக இறங்கும் பள்ளங்கள்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் வந்து, முதலாவது ரகத்தைக் கேட்காமலே கைகாட்டினார். “மழைல வழுக்குமே தம்பி” என்றேன். “மழைல நான் முப்பதுக்கு மேல போக மாட்டேண்ணா. இது ஒரு வருஷம் ஓடும். அது ஆறு மாசத்துல மொட்டையாயிடும். அப்புறம் அந்த மாசம் நான் டயருக்குத்தான் ஓட்டணும்.” அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க ஓடுகிறவருக்கு ஆயுள்தான் முதல் கணக்கு. எனக்கு மாலையில் பின்சீட்டில் மகள் இருப்பாள், மழையைத் தள்ளிப்போடவும் முடியாது. மூன்றாவதைச் சொன்னேன்.

அகல டயர் கேட்டு வந்த கல்லூரிப் பையனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100/90-க்குப் பதில் 120/80 போட்டால் வண்டி கெத்தாகத் தெரியும் என்றார். பாய் கூட்டிக் காட்டினார்: 100-இல் 90 சதவீதம் 90 மில்லிமீட்டர், 120-இல் 80 சதவீதம் 96. டயர் அகலமாவதோடு உயரமும் ஆகிறது. செயினிலோ மட்கார்டிலோ உரசும். ஒல்லி ரிம்மில் அகல டயரை ஏற்றினால் ஓரம் உள்ளே இழுபட்டு நடு கூம்பிக்கொள்ளும். அகலமாக வாங்கியதில் தரையில் படுவது கொஞ்சம்தான். மைலேஜும் குறையும். பையன் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், அடுத்த கடைக்குப் போனார். அங்கே மாட்டிக் கொடுத்திருப்பார்கள்.

மாட்டும் வேலையை இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றி, வால்வு பின்னைப் பிடுங்கிக் காற்றை விட்டதும் டயர் தளர்ந்துவிடும் என்று நினைப்போம். டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மை அவ்வளவு சுலபத்தில் விடாது. பாய் டயரின் மேல் ஏறி நின்று, இரண்டு குதிகாலையும் ரிம்முக்கு ஒட்டி வைத்து, இடம் மாற்றி இடம் மாற்றி மிதித்தார். ஓரிடத்தில் ‘பக்’கென்று விட்டது. அலாய் ரிம்மில் கீறல் விழாமல் இருக்கப் பழைய பிளாஸ்டிக் கேனில் வெட்டிய துண்டுகளை விளிம்பில் செருகி, அதன் மேல் லீவரைப் போட்டார்.

புது டயரை ஏற்றும்போதுதான் வித்தை தெரிந்தது. பக்கவாட்டு அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று பார்த்தார். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்தார்; டயரில் எடை குறைந்த இடம் அது, வால்வின் எடை அதை ஈடுகட்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். முக்கால்வாசி கையாலேயே இறங்கிவிட்டது. கடைசி ஒரு சாண் மட்டும் மறுத்தது. அந்த இடத்தில் பலத்தைக் காட்டுவார் என்று பார்த்தால், அதைத் தொடவே இல்லை. நேர் எதிர்ப்பக்கம் போய் முழங்காலை ஊன்றி, அங்கிருந்த விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கினார். அங்கே கிடைத்த தளர்வு இந்தப் பக்கம் வந்தது. லீவரை லேசாகத்தான் தூக்கினார், உள்ளே போய்விட்டது. “பையன் புதுசுல இந்த எடத்துலதான் விளிம்புக் கம்பிய ஒடைப்பான்” என்றார். காற்று ஏற ஏற ‘டப்’, கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டப்’. இரண்டு பக்க விளிம்பும் உட்கார்ந்தன. ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகே கூடுதல் காற்றை விட்டு, வண்டிக்குச் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தார்.

பில்லில் வரி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 21 வரைக்கும் அது 28 ஆக இருந்தது. முதல் நூறு கிலோமீட்டருக்கு வெட்டி வளைத்து ஓட்டாதீர்கள், புது ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், அது சாலையில் உரசிப் போகட்டும் என்றார் பாய். காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் சூடேறாதபோது பாருங்கள் என்றார்.

அடுத்து ஒருவர் ஆன்லைனில் வாங்கிய டயரோடு வந்தார், மாட்டுகூலி மட்டும் என்று. முதலாளி முகம் சுளித்தார். பாய்க்கு அதில் கோபமில்லை. கூலி அவருக்கு வரும். டயரைத் திருப்பிப் பார்த்தவர், டியூப் டைப் என்று அச்சிட்டிருந்த இடத்தைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி டியூப்லெஸ் ரிம். உள்ளே டியூப் போட்டு மாட்டிவிடுங்கள் என்று அவர் மன்றாடியதற்கு, “டியூப்லெஸ்ஸ விட்டுட்டு எதுக்கு சார் பின்னாடி போறீங்க? ரிட்டர்ன் போடுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். வந்திருக்க வேண்டிய கூலி போனது.

கிளம்பும்போது, பெரிய கடைகளில் டயர் மாட்ட மெஷின் வந்துவிட்டதே, இந்தக் கைவேலை இன்னும் எத்தனை காலத்துக்கு என்று வருத்தத்தோடு கேட்டேன். பாய் முழங்காலை நீவிக்கொண்டே கல்லாப் பக்கம் குரலை உயர்த்தினார். “ரெண்டு வருஷமா கேக்குறேன் சார், மெஷின் வாங்குங்க வாங்குங்கன்னு. முட்டி ரெண்டும் போச்சு. இ.எம்.ஐ. போட்டாச்சும் வாங்கலாமில்ல?”

“எங்க வெக்கிறது, நடைபாதையிலயா?” என்றார் முதலாளி, பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.