ஒரு காசுக்கு மூன்று உயிர்

இளமையில் உண்ட பண்டத்தின் சுவை நாவில் தங்குவதில்லை, நெஞ்சில் தங்குகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின் அதே பண்டத்தை மீண்டும் உண்பவர், ‘பழைய சுவை இல்லையே!’ என்று வருந்துவதுண்டு. மாறியது பண்டமா, உண்பவரா என்று அவர் ஆராய்வதில்லை. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெருகிய மின்னணு விளையாட்டுக் கூடங்களைப் பற்றிப் பேசுவோரிடம் இதற்கு நேர்மாறான தடுமாற்றம் ஒன்றைக் காணலாம். அன்று பன்னிரண்டு வயதில் பொறியின் முன் நின்று ஆடியவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் கண்ணுக்கு அக்காலத்து விளையாட்டு ஒவ்வொன்றும் பொன்னாகவே தோன்றுகிறது.

பொன்னையும் பித்தளையையும் பிரித்தறிய உரைகல் வேண்டும். அக்காலத்தைக் காணாத சிறுவன் ஒருவனை அப்பொறியின் முன் நிறுத்திப் பார்ப்பதே அந்த உரைகல். முதற்காசு தீர்ந்தவுடன் அவன் கை இரண்டாவது காசைத் தேடுமாயின் அது பொன். ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பெரியவர் மனம் நோகாமல் சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிட்டால், மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

1971இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் உருவாக்கிய ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’, காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டுகளுள் முன்னோடிகளில் ஒன்று. விண்கலத்தைச் செலுத்தும் முறையை அறிய அதில் நீண்ட குறிப்பொன்றைப் படிக்க வேண்டியிருந்தது. மதுக்கடைக்கு வந்தவர்கள் பாடம் படிக்க வந்தவர்கள் அல்லர். பொறி எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. மறு ஆண்டு, அவ்விருவரும் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் என்னும் இளம் பொறியாளருக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட வேலையிலிருந்து ‘பாங்’ பிறந்தது. பந்தைத் தவறவிடாதே, எண்ணிக்கை உயரும் என்பதே அதன் பாடம் முழுவதும். ஒரு வரியில் அடங்கிவிடும் பாடம்! (மேசைப் பந்தாட்டத்தைத் திரைக்கு முதலில் கொண்டுவந்தவர் ரால்ஃப் பேயர், அதன்பொருட்டு எழுந்த வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. மூத்தோர்க்குரிய மதிப்பை அவர்க்கு அளித்தே தீரவேண்டும்.)

கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்ட முதற்பொறி சில நாளில் நின்றுபோயிற்று. அல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். காசுகள் நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம் என்று தெரிந்தது. இக்கதை எல்லாரும் அறிந்ததே. அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அல்கார்ன் மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். பந்து எப்பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும். ஆட்டம் நீள நீளப் பந்தின் விரைவும் கூடும். மின்சுற்றின் குறையால் மட்டை திரையின் மேல்விளிம்பை எட்டவில்லை. அக்குறையைத் திருத்தாமல் அப்படியே விட்டார். எட்டாத இடம் ஒன்று இருந்தமையால்தான் வல்லவர் இருவர் ஆடினாலும் ஆட்டம் முடிவுக்கு வந்தது. இன்றும் எதிரில் ஒரு மனிதர் நின்றால் ‘பாங்’ பத்து நிமிடம் களிப்பூட்டும். எதிரில் எவரும் இல்லையெனில் அது சுவரில் பந்தடிப்பதற்கு ஒப்பாகும்.

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வேறு வகையைச் சேர்ந்தது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ அதனை உருவாக்கினார். மனிதரை மனிதர் சுடும் காட்சியை நிறுவனம் விரும்பவில்லை. ஆகவே அவர் வேற்றுலக உயிர்களை நாடினார். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய கதையிலிருந்து எண்காலி உருவம் நினைவுக்கு வர, நண்டும் கணவாயும் உடன் வந்து சேர்ந்தன. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் ஐம்பத்தைந்து பகைவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தை எட்டும்போதெல்லாம் ஒரு படி கீழிறங்குவர். ஆடுபவனுக்கோ கீழே ஒரு பீரங்கி. காசுக்கு மூன்று உயிர்.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. ஐம்பத்தைந்து உருவங்களையும் நகர்த்துவது அக்காலத்து நுண்செயலிக்குப் பெருஞ்சுமை. பகைவர் மடிய மடியச் சுமை குறைந்தது, எஞ்சியவர் விரைந்தனர். இறுதியில் ஒருவன் மட்டும் எஞ்சுகையில் அவன் பேய்போல் ஓடுவான். கருவியின் இயலாமையால் விளைந்த இதனை நிஷிகாடோ பிழையென்று களையாமல், விளையாட்டின் உயிராகவே ஆக்கிக்கொண்டார். நான்கு தாழ்ந்த ஒலிகள் அடுத்தடுத்து நெஞ்சத் துடிப்புப்போல் ஒலித்துக்கொண்டிருக்கும். பகைவர் விரைய, அத்துடிப்பும் விரையும். வெற்றியை நெருங்க நெருங்க அச்சம் மிகுமாறு அமைந்த ஆட்டம் அது. ஜப்பானில் அக்காலத்தில் நூறு யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்று ஒரு கதை இன்றும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. விளையாட்டின் பெருமைக்கு அப்பொய் தேவையும் இல்லை. இன்று ஆடிப்பார்ப்பவர்க்கு முதல் இரண்டு நிமிடம் மந்தமாகத் தோன்றும். அந்த மந்தம் வரப்போகும் விரைவுக்கு முன்னுரை. பொறுமையற்ற சிறுவன் அதற்குள் அகன்றுவிடக்கூடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

உரைகல்லில் ஐயத்துக்கே இடமின்றி ஒளிர்வது ‘பேக்-மேன்’. நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாதானி 1980இல் படைத்தது அது. சுடுவதும் வெடிப்பதுமாக, ஆடவர் மட்டுமே திரண்டிருந்த கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று அவர் எண்ணினார். உண்பதைக் கருவாகக் கொண்டார். ஒரு துண்டு எடுக்கப்பட்ட பீட்சாவும், வாய் என்பதைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தும் அவ்வுருவத்துக்கு மூலம். வாய் மூடித் திறக்கும் ஓசையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து பெயரும் வந்தது.

நான்கு பேய்கள் துரத்துகின்றன என்று மட்டுமே புதியவர் காண்பார். நான்கும் ஒன்றுபோல் துரத்துவதில்லை. ஜப்பானில் அவற்றுக்கு இடப்பட்ட பெயர்களே குணங்களை உரைக்கும்: துரத்துபவன், மறித்து நிற்பவன், மனம் போன போக்கினன், அறியாதவன்போல் நடிப்பவன். சிவப்புப் பேய் நேரே தொடர்கிறது. இளஞ்சிவப்புப் பேயோ ஆடுபவன் செல்லும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கிறது. நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கிற்கொண்டு தன் வழியை வகுக்கிறது. ஆரஞ்சுப் பேய் தொலைவிலிருந்து ஆவலுடன் வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொன்றின் விதியும் ஒரு வரியில் அடங்கும். நான்கும் கூடும்போதோ, நான்கு மனங்கள் கூடிச் சதி செய்வதாகவே ஆடுபவன் நடுங்குகிறான். கோயில் மண்டபத்துக் கல்தரையில் கீறிய ஆடுபுலி ஆட்டத்தை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. இரு தரப்புக்கும் இரு வேறு விதிகள், எளிய கோடுகள், முடிவற்ற சூழ்ச்சிகள்.

அப்பேய்களின் ஓட்டத்தில் தற்செயலுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆடுபவன் ஒரே வழியில் ஒரே விரைவில் சென்றால் பேய்களும் ஒரே வழியில்தான் வரும். இதனைக் கண்டுகொண்ட அமெரிக்க இளைஞர் வழித்தடங்களை மனப்பாடம் செய்தனர். வழித்தட வரைபடங்களுடன் நூல்களும் வெளிவந்தன. கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு ஆடினர் என்றே சொல்லலாம். பின்னர் 1982இல் ‘மிஸ் பேக்-மேன்’ வந்தது. அதில் ஒன்றுக்கு நான்கு புதிர்வழிகள். பேய்களின் தொடக்க ஓட்டத்திலும் தற்செயல் கலக்கப்பட்டிருந்தது. வழியை மட்டும் உருப்போட்டவன் அதன்முன் விழித்தான். பேய்களின் இயல்பை உணர்ந்து ஆடியவனோ சில காசுகளில் மீண்டும் தலைநிமிர்ந்தான். வகுப்பறையில் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்ட எந்த ஆசிரியரும் இவ்விருவரையும் கண்டிருப்பார். மூத்த ‘பேக்-மேன்’ புகழில் உயர்ந்தது. மறுபடி மறுபடி ஆடத் தகுந்தது இளையதே.

‘பேக்-மேன்’ 256ஆம் கட்டத்தை எட்டும்போது, எண்ணும் நினைவறை நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி சிதறிய எழுத்துகளும் எண்களுமாகக் குழம்பிவிடும். அதற்குமேல் செல்ல வழியில்லை. அங்கே ஒருவன் வந்து நிற்பான் என்று செய்தவர்கள் எண்ணவில்லை போலும்.

1981இல் வந்தவை ஏராளம். ‘டாங்கி காங்’ அவற்றுள் தலையாயது. அமெரிக்காவில் விலைபோகாமல் கிடந்த ‘ரேடார் ஸ்கோப்’ பொறிகளை வீணாக்காமல் மாற்றியமைக்க நிண்டெண்டோ நிறுவனம் முயன்றபோது, ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியர் கையில் பிறந்தது. அதில் தாவிய தச்சனே பின்னர் மாரியோ எனப் பெயர்பெற்றான். அதன் தாவல் இன்றைய சிறுவனுக்குக் கனமாகத் தோன்றும்; இருப்பினும் இரண்டாவது காசைக் கேட்பான். ‘ஃப்ராகர்’ சாலையையும் ஆற்றையும் கடக்கும் தவளையின் கதை; இனியது, விரைவில் சலிப்பது. யூஜீன் ஜார்விஸின் ‘டிஃபெண்டர்’ ஒரு நெம்புகோலையும் ஐந்து பொத்தான்களையும் தந்து மிரட்டியது. உள்ளே புகுந்தவர்க்கு அது இன்றும் மாளிகையே, வாயில்தான் ஊசிக்காதாகக் குறுகியது.

1983இல் வந்த ‘டிராகன்ஸ் லேர்’ பொறியைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தை நினைவுகூர்வோர் பலர். டான் புளூத் வரைந்த இயங்கோவியம் ஒளித்தட்டிலிருந்து திரையில் ஓடியது. மற்றவை புள்ளிகளால் ஆன பொம்மைகளைக் காட்டிய காலத்தில் இது திரைப்படத்தையே காட்டியது. காசும் இரு மடங்கு வாங்கியது. ஆடுபவன் செய்வதோ, உரிய நொடியில் உரிய திசையில் கோலைத் தள்ளுவது மட்டுமே. தவறினால் சாவு, மீண்டும் அதே காட்சி. அதில் விதி இல்லை, விடை மட்டுமே இருந்தது. அக்கூட்டத்தில் நின்றவர்கள் நெஞ்சில் இன்றும் மிக அழகாக ஒளிர்வது அதுவே. உரைகல்லில் முதலில் கறுப்பதும் அதுவே.

அக்காலத்துப் பெற்றோரும் ஆசிரியரும் இக்கூடங்களை வெறுத்தனர் என்பதையும் சொல்லியாகவேண்டும். பிலிப்பீன்ஸில் 1981இல் மார்க்கோஸ் அரசு இப்பொறிகளுக்குத் தடை விதித்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மெஸ்கீட் நகரில், பதினேழு வயது நிரம்பாதோர் பெற்றோர் துணையின்றிப் பொறிகளை ஆடலாகாது என்ற விதி 1982இல் உச்சநீதிமன்றம்வரை சென்றது. அவ்வெறுப்பு முற்றிலும் பொருளற்றதன்று. சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்து அடுத்த காசு விழவேண்டும் என்பதே கடைக்காரர் கணக்கு. பிள்ளைகளின் சிற்றுண்டிக் காசும் அக்கணக்கில் கரைந்தது. ஆட்டத்தில் வெற்றி என்பதே கிடையாது. எத்துணை நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது மட்டுமே கேள்வி.

அந்த வெல்லமுடியாமையைப் பொருளுடையதாக்கியது ஒன்று உண்டு. 1980இல் டேவ் தியூரர் படைத்த ‘மிசைல் கமாண்ட்’. வானிலிருந்து ஏவுகணைகள் விழுகின்றன. கீழே ஆறு நகரங்கள், மூன்று தளங்கள், தளத்துக்குப் பத்துக் கணைகள். ஆடுபவன் எவரையும் தாக்குவதில்லை, காக்கிறான். கணைகள் குறையக் குறைய எந்நகரைக் காப்பது, எந்நகரை விடுவது என்று ஒரு நொடியில் முடிவுசெய்ய வேண்டும். எல்லா நகரமும் அழிந்தபின், மற்ற பொறிகள் ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்கும்போது, இது மட்டும் திரை நிறைந்த வெடிப்பினூடே ‘முற்றும்’ என்று காட்டும். அதைச் செய்த நாள்களில் தியூரருக்கு அணுகுண்டுக் கனவுகள் வந்து உறக்கம் கெட்டதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய கைப்பேசியில் விரலால் தொட்டு அதை ஆடுவோர்க்கு இந்த நடுக்கம் கிட்டாது. அன்று கனத்த உருளைப்பந்தை உள்ளங்கையால் உருட்டிக் குறியை இழுத்துச் செல்லவேண்டும். கண் கண்ட இடத்துக்குக் கை போய்ச் சேருமுன் நகரம் போய்விடும்.

நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 2012இல் ‘பேக்-மேன்’ விளையாட்டையும் 2013இல் ‘பாங்’, ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ‘ஆஸ்டெராய்ட்ஸ்’ ஆகியவற்றையும் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இவற்றுள் ‘ஆஸ்டெராய்ட்ஸ்’ நிலைதான் இரங்கத்தக்கது. 1979இல் எட் லாக் உருவாக்கிய அதன் திரை, தொலைக்காட்சிபோல் வரிவரியாகத் தீட்டுவதன்று. மின்னணுக் கற்றையே எழுதுகோலாக நின்று கோடுகளை நேரே வரையும். பாறைகள் மங்கிய கோடுகளாக மிதக்க, விண்கலம் விடும் குண்டு மட்டும் கண்ணைக் குத்தும் ஒளிப்பொறியாகப் பாயும். கற்றை ஒரே புள்ளியில் நின்று எரிவதால் வந்த ஒளி அது. இன்றைய தட்டைத்திரையில் அவ்விளையாட்டின் விதிகளெல்லாம் பிசகாமல் இயங்குகின்றன. உந்தினால் நில்லாமல் மிதந்து செல்லும் கலமும் அப்படியே இருக்கிறது. குண்டு மட்டும் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. பழைய குழாய்த் திரைகளைச் செய்வார் இன்று அரியர். நியூ ஹாம்ப்ஷயரின் லகோனியா நகரில் இத்தகைய பொறிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. கெட்டுப்போன ஒரு பொறியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்தியே இத்தகைய பொறிகள் இன்று உயிர்தரித்து நிற்கின்றன.