ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் சி.டி.எச். சாலையில், அம்பத்தூரைத் தாண்டி ஆவடி வரை, உள்ளே பிரியும் தெருக்களில் தகரக் கூரை போட்ட கார் ஷெட்டுகளைப் பார்க்கலாம். சிலவற்றுக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. வாசலில் நிற்கும் வண்டிகள்தான் அடையாளம்: பழைய ஆல்டோ, சான்ட்ரோ, ஓம்னி, இண்டிகா, எப்போதாவது ஒரு மாருதி 800. இவற்றில் பலவற்றின் தயாரிப்பு நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் நின்றது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான பழைய சான்ட்ரோவும் 2014 இறுதியோடு முடிந்தது. ஆனாலும் காலை எட்டரை மணிக்குப் பாடி மேம்பாலத்தில் ஏறினால், இந்த வண்டிகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம்.

எங்கள் வீட்டு ஆல்டோவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 2008 மாடல். நாங்கள் மூன்றாவது ஓனர். மீட்டர் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆவடியிலிருந்து கிண்டி வரை ஒரே வழியில் போகிற மூன்று பேருக்கு அதுதான் வாகனம். புது வண்டிக்கு மாதத் தவணை கட்டும் நிலையில் இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒரு கார் இருக்கிறது. அவற்றை ஓட வைத்துக்கொண்டிருப்பவர்களின் வேலையைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், ஷெட்டிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

வாங்கும் முன் பார்க்கும் பார்வை

ஷெட்டின் மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுச் சிறுவனாக இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் போன ஒரு காலையில், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தான் வாங்க நினைக்கும் சான்ட்ரோவைக் காட்ட அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார். மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல.

"ஓனர்கிட்ட சொல்லிட்டியா தம்பி, நாம வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு?"

நானும் கூடப் போனேன். போனதும் அவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால் நமக்கு முன்பே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிப்போன இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் குறைகள் வெளியே வரும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று பார்த்தார். பலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

அதன் பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியில் மட்டும் சேற்றுக் கறை தங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இந்தச் சோதனையை யாரும் விடக் கூடாது. கால் மிதியை விலக்கித் தரைத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சின்னக் காந்தத்தைக் கதவோரங்களில் ஒட்டிப் பார்த்தார். பட்டி தடிமனாகப் பூசியிருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

மீட்டர் எண்பதாயிரம் காட்டியது. அவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்து கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பார்த்தார். வரிகள் முழுக்க வழவழத்துப் போயிருந்தன. "எண்பதாயிரத்துல ரப்பர் இப்படி ஆகாது" என்றார். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பில் இல்லாவிட்டால் பெல்ட்டை மாற்றவே இல்லை என்றுதான் கணக்கு வைக்க வேண்டும் என்பது அவர் விதி. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளை வளைத்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு இன்ஜினைப் பிரிக்கிற செலவாக மாறும். இளைஞர் அந்த வண்டியை வாங்கவில்லை.

நடு சிலிண்டர்

எங்கள் ஆல்டோ சில வாரங்களாகச் சிக்னலில் நிற்கும்போது நடுங்கியது. மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது. ஆல்டோவில் இருப்பது 796 சிசி இன்ஜின், மூன்றே சிலிண்டர். ஒன்று சோர்ந்தாலே வண்டி முழுக்கத் தெரியும்.

அவர் உடனே எதையும் மாற்றச் சொல்லவில்லை. மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்துச் செல்ஃப் அடிக்க வைத்தார். முதலும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் முள் பாதியிலேயே நின்றது. அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தார். ஆயில் விட்டதும் அளவு கூடினால் ரிங்கில் கோளாறு, கூடாவிட்டால் வால்வு. முள் நகரவில்லை. வால்வுதான். இதே அறிகுறிக்குக் காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துச் செலவு ஏற்றுபவர்களும் உண்டு. இந்தச் சோதனைக்கு அவருக்கு ஆனது அரை மணி நேரம்.

ஹெட்டைக் கழற்றியபோது நடு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பு கருகி, ஓரத்தில் சிறு பள்ளம் விழுந்திருந்தது. புது வால்வு வந்தது. அதற்கான சீட்டை லேத் பட்டறையில் சீர் செய்து வந்தார்கள். அதன் பிறகு நடந்தது முழுக்கக் கைவேலை. வால்வின் முகத்தில் லேப்பிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் பொருத்திய குச்சியை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னுமாக உருட்டினார் அவருடைய உதவியாளர். அரைபடும் ஒலி மெல்ல மெல்ல மாறியது. ஒலி சன்னமானதும் நிறுத்தித் துடைத்துப் பார்த்தார். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழுந்திருந்தது. துளைவழியாகப் பெட்ரோல் ஊற்றி, மறுபக்கம் ஒரு சொட்டும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடுத்த வால்வுக்குப் போனார். பன்னிரண்டு வால்வுக்கும் இதே வேலை.

ஹெட்டின் முகத்தில் எஃகு அளவுகோலை வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்த பிறகே புதுக் கேஸ்கட் ஏறியது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினார்கள். ஒரு ஓரத்திலிருந்து முடுக்கிக்கொண்டே போனால் ஹெட் வளைந்துவிடும்.

அந்த லேத் பட்டறையையும் போய்ப் பார்த்தேன். ஒரு மாருதி 800 பிளாக்குக்கு போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். வட்டமும் கெட்டு நீள்வட்டமாகும். அதை டயல் கேஜில் பல இடங்களில் அளந்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதாக்கி, அந்த அளவுக்கான ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கடைசியில் ஹோனிங் கல்லால் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் போடுகிறார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக விட்டால் ரிங் சரியாகப் படியாது. கேஜைப் பார்ப்பதற்கு முன்பே விரலால் தடவி, எந்த இடம் மிச்சம் இருக்கிறது என்று சொன்னார் அந்த லேத்காரர். கேஜும் அதையே சொன்னது.

புதுப்பேட்டையில் வாங்கக்கூடியதும் கூடாததும்

உதிரி பாகத்துக்குச் சென்னையில் இரண்டு திசைகள். புதுசு வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழசு வேண்டுமென்றால் கூவம் கரைப் பக்கமுள்ள புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கதவுகள், பம்பர்கள், ஹெட்லைட்டுகள், கியர்பாக்ஸ்கள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஒரு வண்டி முழுசாக வந்தால் எதை முதலில் கழற்ற வேண்டும், எந்தப் பாகம் எந்த வருட மாடலுக்குச் சேரும் என்பதெல்லாம் அங்குள்ளவர்களின் மனதிலேயே இருக்கிறது. நான் கேட்ட கதவுக் கைப்பிடியைப் புகைப்படம்கூடப் பார்க்காமல், "டைப் ஒன்னா, டைப் டூவா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார் ஒருவர்.

எங்கள் மெக்கானிக் வகுத்துத் தந்த எல்லை தெளிவானது. கண்ணாடி, கைப்பிடி, விளக்கு, சீட், டாஷ்போர்டு, வளையாத வீல் டிஸ்க் ஆகியவற்றைப் பழசாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், எரிபொருள் குழாய், டயர் ஆகியவை ஒருபோதும் பழசாக இருக்கக் கூடாது. எதை வாங்கினாலும் பில் கேட்க வேண்டும். இன்ஜினையே மாற்றினால் புது எண்ணை ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும்.

டயருக்கும் அவர் ஒரு பாடம் நடத்தினார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடித்திருந்தால் கழற்றிவிட வேண்டும். ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எப்படியும் கழற்ற வேண்டும்.

கணக்கு நோட்டு

ஷெட்டுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த கிலோமீட்டரில் என்ன மாற்றினோம் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். ஆயில், ஃபில்டர் குறித்த நேரத்தில். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஏனென்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டரில் கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் மட்டும். சென்னையின் போர்வெல் உப்புத்தண்ணீர் உள்ளே படிந்து அடைத்தால் இன்ஜின் கொதிக்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் வளைத்துப் பார்க்கிறார் மெக்கானிக். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

அரசுக்கான செலவும் நோட்டில் உண்டு. 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதோடு மாநிலத்தின் பசுமை வரி. எங்கள் வண்டி 2023இல் அந்தச் சோதனையில் முதல் தடவையே தேறியது. அன்று ஆய்வாளர் பார்த்த பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஷெட்டின் வேலை இருந்தது.

கூலி மட்டும் பேரத்துக்கு

அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என்னைத் தொந்தரவு செய்த ஒன்று உண்டு. கேஸ்கட்டுக்கும் பெல்ட்டுக்கும் அட்டையில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது. அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பில்லின் கடைசி வரியான கூலியில்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். இரண்டு நாள் குனிந்து பன்னிரண்டு வால்வு அரைத்தவரிடம், காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு "ஐந்நூறு குறைச்சுக்கோங்க" என்கிறார்கள். அந்த ஐந்நூறு போவது உதவியாளரின் சம்பளத்திலிருந்து.

அவர்களுடைய உடம்பையும் பார்க்க வேண்டும். கழிவு ஆயிலில் நாள் முழுக்க ஊறும் விரல்களில் தோல் வெடித்திருக்கிறது. கையுறை போட்டால் சின்னத் திருகு பிடிபடாது என்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று இந்த ஷெட்டில் கண்டிப்பாக ஸ்டாண்டு வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் அது இல்லை. கழிவு ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுப்பதற்கும் இடமும் செலவும் ஆகிறது.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே சம்பளமும் பி.எஃப்.பும் இருக்கிறது, அவர்கள் போவது நியாயம். ஆனால் அங்கே பெரும்பாலும் பாகத்தை மாற்றுவார்கள். பாகத்தைச் சீர்செய்யும் வித்தை ஷெட்டில்தான் மிச்சம் இருக்கிறது. அதை ஐ.டி.ஐ. பாடத்தோடு இணைத்து, இந்த மெக்கானிக்குகளைப் பயிற்சியாளர்களாக அழைத்தால் இரு பக்கமும் பயன்படும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று. வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், காரைத் தேடுவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள்.