கல்லும் சொல்லும்

அழிந்த நகரங்களைக் காணச் செல்வோர், அங்கு வாழ்ந்த மக்களும் நகரத்தோடு அழிந்துவிட்டனர் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் செல்கின்றனர். மாயா மக்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பதும் அவ்வளவே. அடர்ந்த காட்டினுள் வானளாவிய கோயில்களைக் கட்டினர். விண்மீன்களின் நடையைக் கணித்தனர். பின்னர் எப்படியோ மறைந்து போயினர். மெக்சிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பத்தில் நாங்கள் கழித்த ஒரு நாள் இந்த எண்ணத்தைத் தகர்த்தது. அத்தோடு, கத்தோலிக்கர் என்ற முறையில் நாங்கள் எதிர்பாராத ஒரு கேள்வியையும் எங்கள் முன் வைத்தது.

மெரிடா நகரில் தங்கியிருந்த நாங்கள், கணவனும் மனைவியுமாக இருவர், பேருந்துக் கூட்டத்தோடு செல்லாமல் ஒரு வாகனத்தையும் வழிகாட்டி ஒருவரையும் தனியே அமர்த்திக்கொண்டோம். கூட்டத்தோடு சென்றால் நேரம் பிறருடையது. நின்று பார்க்கவும் விரும்பியதைக் கேட்கவும் இயலாது. வந்தவர் நாற்பது வயதைக் கடந்தவர், மாயா குலத்தவர். வீட்டில் மாயா மொழி, ஊரில் ஸ்பானிய மொழி, எங்களைப் போன்றோரிடம் ஆங்கிலம் என மும்மொழியும் பேசினார். வாகனத்தின் முன்கண்ணாடி அருகே ஒரு செபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் கத்தோலிக்கர் என்று அறிந்ததும், "அப்படியானால் சிச்சென் இட்சாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். திரும்பும் வழியில் இசமால் ஊரையும் காட்டுகிறேன். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது" என்றார். காரணம் கேட்டதற்குச் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

மெரிடாவிலிருந்து சிச்சென் இட்சா ஏறத்தாழ 120 கி.மீ. வழியெங்கும் தட்டையான நிலம், குட்டையான காடு, ஓர் ஆற்றைக்கூட நாங்கள் கடக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லாலான அந்நிலம் மழைநீரை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. நிலத்தடியில் ஓடும் நீர், கற்கூரை இடிந்து விழுந்த இடங்களில் பெருங்கிணறுகளாக வெளிப்படுகிறது. அவற்றைச் செனோட்டே என்கின்றனர். அக்கிணறுகளை அண்டியே ஊர்கள் எழுந்தன. சிச்சென் இட்சா என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பது பொருள்.

காலை எட்டு மணிக்கு வாயில் திறந்ததும் உள்ளே சென்றோம். வெயில் ஏறும் முன், கூட்டம் சேரும் முன், குகுல்கான் என்னும் இறகு நாகத் தெய்வத்தின் கோயில் எங்கள் முன் நின்றது. உச்சிக் கோயிலோடு சேர்த்து அதன் உயரம் சுமார் 30 மீட்டர். நான்கு பக்கமும் படிகள்; பக்கத்துக்கு 91. உச்சி மேடையையும் ஒன்றாகக் கூட்டினால் 365, அதாவது ஓராண்டின் நாள்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி, மாலை வெயிலில் படிக்கட்டின் பக்கச்சுவரில் விழும் ஒளியும் நிழலும் ஒரு பாம்பு கீழிறங்குவதுபோல் தோன்றுமாம். படியின் அடியில் கல்லாலான பாம்புத் தலை வாய் பிளந்து காத்திருக்கிறது. வழிகாட்டி எதிரே நின்று கைதட்டினார். படிகளில் பட்டுத் திரும்பிய ஓசை, பறவையின் கீச்சொலியாகக் கேட்டது. இருபதை அடியாகக் கொண்ட எண் முறையையும் அவர் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். புள்ளி என்றால் ஒன்று. கோடு என்றால் ஐந்து. சிப்பி வடிவம் என்றால் சுழியம்.

இவ்வளவு அறிவுடையோரிடம் கொடுமை இருந்ததா என்று கேட்டோம். அவர் மறைக்கவில்லை. 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்டக் களத்திற்கு அழைத்துச் சென்று, தலை துண்டிக்கப்பட்ட ஆட்டக்காரனின் சிற்பத்தைக் காட்டினார். பின்னர், சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள புனிதக் கிணற்றின் விளிம்பில் நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் அதைத் தூர்வாரியபோது பொன்னும் பச்சைக் கற்களும் மனித எலும்புகளும் கிடைத்தன. அதனருகே ஒரு நிலத்தடித் தொட்டியில் கிடைத்த சிறுவரின் எலும்புகளைப் பற்றி 2024-இல் ஒரு மரபணு ஆய்வு வெளியானது. ஆராயப்பட்ட 64 பேரும் ஆண் பிள்ளைகள். அவர்களுள் இரட்டையரும் இருந்தனர். அப்பகுதியில் இன்று வாழும் மாயா மக்களோடு அச்சிறுவருக்கு மரபுத் தொடர்ச்சி இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. "பலியானவர்களும் எங்கள் பிள்ளைகள், பலியிட்டவர்களும் எங்கள் முன்னோர்கள்" என்றார் வழிகாட்டி. தன் இனத்தின் பெருமையையும் பழியையும் ஒரே குரலில் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

கோயில்களுக்கு இடையேயுள்ள மரநிழல் பாதைகளில் மரச் சிற்பமும் துணியும் விற்கும் மாயா வணிகர்கள் கடை விரித்திருந்தனர். அவர்களைக் கண்டதும் வழிகாட்டி, "பிஷ் அ பெல்?" என்று நலம் விசாரித்தார். அதன் நேர்ப்பொருள் 'உன் வழி எப்படி இருக்கிறது?' என்பதாம். நலம் கேட்பதற்கு வழியைக் கேட்கும் மொழி! ஒரு மூதாட்டியிடம் பூவேலை செய்த கைக்குட்டை ஒன்றை வாங்கினோம். அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, "தியோஸ் போஓத்திக்" என்றார். 'தியோஸ்' என்பது கடவுளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். அடுத்தது 'ஈடு செய்தல்' என்ற பொருளுடைய மாயா வினைச்சொல். நன்றி கூறுவதற்கு அவர்கள், கடவுள் உனக்கு ஈடு செய்வார் என்கின்றனர். வெளியிலிருந்து வந்த இறைவனின் பெயர் அம்மொழியினுள் குடியேறிவிட்டது. மொழியோ தன் வீட்டை விட்டு வெளியேறவில்லை. மெக்சிகோவின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, யுகட்டான் மாயா மொழியைப் பேசுவோர் 7 லட்சத்து 70 ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்கள்.

நண்பகலில் சோள அடையும் பன்றி இறைச்சியும் உண்டு, இசமால் நோக்கிப் புறப்பட்டோம். அது மஞ்சள் ஊர். வீடு, கடை, அலுவலகம் யாவும் ஒரே மஞ்சள் வண்ணம். நடுவே, உயர்ந்த மேடையின் மீது பதுவை அந்தோனியார் பெயரால் அமைந்த பிரான்சிஸ்கன் துறவு மடமும் கோயிலும் எழுந்து நிற்கின்றன. முற்றத்தைச் சுற்றி 75 வளைவுகள். 1561-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மடம் நிற்கும் மேடை, பழைய மாயா கோயில் ஒன்றின் அடித்தளம். மடத்தின் சுவர்களும் அக்கோயிலை இடித்தெடுத்த கற்களே. காலையில் நாங்கள் வியந்து பார்த்த அதே கைத்திறன் இங்கே நமது ஆலயத்தின் சுவரில் அமைந்திருந்தது.

இங்கேதான் வழிகாட்டி எங்களை அழைத்துவந்த காரணம் விளங்கிற்று. மடத்தின் அருகே ஒரு துறவியின் சிலை நிற்கிறது. அவர் டியேகோ தெ லாந்தா. 1549-இல் யுகட்டான் வந்து, இம்மடத்தின் தலைவராக இருந்தவர். திருமுழுக்குப் பெற்ற மாயா மக்கள் மறைவில் பழைய வழிபாட்டைத் தொடர்வதாகவும், பலியிடுவதாகவும் அறிந்த அவர், கடும் விசாரணையைத் தொடங்கினார். கைகளைக் கட்டித் தொங்கவிட்டு வாக்குமூலம் வாங்கினர். அச்சித்திரவதையில் 150-க்கும் மேற்பட்டோர் மாண்டதாகப் பின்னர் நடந்த விசாரணை பதிவு செய்துள்ளது. 1562, ஜூலை 12 அன்று மானி என்ற ஊரில், மக்கள் கண்முன்னே அவர்களுடைய தெய்வ உருவங்களும், அத்திமரப் பட்டையில் எழுதி மடித்து வைத்திருந்த ஏடுகளும் தீக்கிரையாயின. மக்கள் அதைக் கண்டு வியக்கத்தக்க அளவு வருந்தினர் என்பதை லாந்தாவே குறித்து வைத்திருக்கிறார். ஈரமும் காலமும் அழித்தவை போக, இன்று உலகில் எஞ்சியிருப்பதாக அறியப்படும் மாயா ஏடுகள் நான்கே. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ், மெக்சிகோ நகரங்களில் ஒவ்வொன்று உள்ளது.

அதே ஆண்டில் யுகட்டான் வந்து சேர்ந்த ஆயர் பிரான்சிஸ்கோ தெ தொரால், இக்கொடுமையைத் தடுத்துச் சிறைப்பட்டோரை விடுவித்தார். அவரும் பிரான்சிஸ்கன் துறவியே. லாந்தா ஸ்பெயினுக்குச் சென்று தம் செயலுக்கு விடை கூற வேண்டியதாயிற்று. அங்கே 1566-ஆம் ஆண்டளவில் யுகட்டானைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். மாயா மக்களின் உணவு, உடை, விழா, நாள்காட்டி, எழுத்து ஆகிய அனைத்தையும் அதில் பதிவு செய்தார். பின்பு குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டு, அதே யுகட்டானுக்கு ஆயராகத் திரும்பி, 1579-இல் மெரிடாவில் இறந்தார்.

அந்நூலின் சுருக்கப் படி ஒன்றை 1862-இல் மாட்ரிட் நகரில் கண்டெடுத்தவர் பிராசர் தெ பூர்பூர் என்ற பிரெஞ்சுக் குரு. அதில் ஒரு பக்கத்தில், ஸ்பானிய எழுத்துகளுக்கு நிகரான மாயா எழுத்துகள் எனச் சில குறிகளை லாந்தா தந்திருந்தார். அவற்றை வைத்துக் கல்வெட்டுகளைப் படிக்க முயன்றவர்கள் தோற்றனர். 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி குனோரசோவ் முடிச்சை அவிழ்த்தார். லாந்தா ஸ்பானிய எழுத்தின் பெயரைச் சொன்னார். மாயா எழுத்தர் காதில் விழுந்த ஒலியை எழுதினார். லாந்தா 'பே' என்றதும், அவர் எழுதியது 'ப்' என்ற மெய்யை அன்று, 'பே' என்ற முழு ஒலியை. நமது உயிர்மெய்யைப் போல, அவர்கள் குறிகளுள் பல மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலியைத் தாங்கியவை. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை! அந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியமும் உள்ளது: "மா இன் கதி." பொருள், 'எனக்கு விருப்பமில்லை.' மாயா எழுத்தர் என்ன நினைத்து அதை எழுதினாரோ! ஏடுகளை எரித்தவரின் குறிப்பே, எஞ்சிய கல்வெட்டுகளின் வாயைத் திறக்கும் திறவுகோலாயிற்று. இறைவன் வளைந்த கோட்டிலும் நேராக எழுதுவார் என்பார்கள். உண்மைதான். ஆயினும், அதைச் சொல்லி எரிந்த ஏடுகளின் கணக்கை நாம் தீர்த்துவிடலாகாது.

மாலையில், ஊரின் மறுபுறத்தில் இன்றும் நிற்கும் கினிச் கக்மோ என்னும் பழைய கோபுரத்தின் மீது ஏறினோம். சிச்சென் இட்சாவின் கோபுரத்தில் ஏற இப்போது அனுமதியில்லை; இங்கே ஏறலாம். உச்சியிலிருந்து பார்த்தால், எதிரே மஞ்சள் மடம். வெகு நேரம் மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டோம். "உங்கள் முன்னோரின் கோயிலை இடித்துக் கட்டிய ஆலயத்தில் செபிக்க உங்களுக்கு வலிக்கவில்லையா?"

அவர் உடனே பேசவில்லை. பிறகு சொன்னார்: "வலிக்கிறது, ஐயா. ஆனால் அந்தக் கற்கள் எங்களுடையவை. முதல் கோயிலுக்கு அவற்றைச் சுமந்தவர்களும் எங்கள் முன்னோர். இரண்டாம் கோயிலுக்குச் சுமந்தவர்களும் அவர்களே. என் தாய் அங்கே மாயா மொழியில் செபமாலை சொல்கிறார். அன்னை மரியா அதைக் கேட்டுக்கொள்கிறார் என்று நம்புகிறார். லாந்தா எரித்த மொழியில்தான் என் தாய் கிறிஸ்தவர்."

நாங்கள் மறுமொழி கூறவில்லை.

இறங்கி வந்து மடத்து முற்றத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் சிலையருகே நின்றோம். 1993, ஆகஸ்ட் 11 அன்று அவர் அங்கே வந்து அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்களைச் சந்தித்தார். 2016 பிப்ரவரியில், மாயா மொழிகள் வழங்கும் சியாபாஸ் மாநிலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், பழங்குடி மக்கள் புறக்கணிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கும் மனத்தை அனைவரும் பெற வேண்டினார். அம்மக்களின் மொழிகளைத் திருவழிபாட்டில் பயன்படுத்தவும் அப்போது வழி திறந்தது. 2024 நவம்பரில், அவர்களுடைய மரபுக்கு இயைந்த சில திருவழிபாட்டு முறைகளுக்கு வத்திக்கான் இசைவு தந்தது. மானியின் தீயிலிருந்து அந்நாள் வரை 462 ஆண்டுகள்! துறவியின் சிலையும் திருத்தந்தையின் சிலையும் ஒரே ஊரில் சிறிது தொலைவில் நிற்கின்றன. இரண்டையும் பார்க்காமல் அவ்வூரை விட்டு வரலாகாது.

இந்நேரத்தில் நமது தாய்மொழியை எண்ணாமல் இருக்க இயலவில்லை. மானியில் ஏடுகள் எரிந்து 16 ஆண்டுகளில், 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாயிற்று. அதை ஆக்கிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ், முத்துக்குளித்துறை மக்களிடம் தமிழ் கற்றவர். ஒரே நூற்றாண்டு, ஒரே விசுவாசம். ஓரிடத்தில் தீ, ஓரிடத்தில் அச்சு. நாம் பெற்றது நம் தகுதியால் அன்று. ஒருவர் கேட்கப் பொறுமை கொண்டிருந்ததால்.

பெந்தகோஸ்து நாளில் கூடியிருந்தோர் யாவரும் இறைவனின் மாபெரும் செயல்களைத் தத்தம் மொழியில் கேட்டனர். ஒரே மொழியைக் கற்றுக்கொள்ளும்படி ஆவியார் எவரையும் பணிக்கவில்லை. அந்த அருள் கல்லைக் காட்டிலும் சொல்லில் நிலைத்திருக்கிறது. கோயில்கள் இடிந்தன, கற்கள் இடம் மாறின. ஆனால் சாலையோரத்தில் கைக்குட்டை விற்கும் மூதாட்டியின் நன்றிச் சொல் அழியவில்லை. நம் வீட்டில், நம் பங்கில், நாம் மறையுரைக்கச் செல்லும் மலையோரச் சிற்றூரில், வேறு மொழியும் வேறு மரபும் உடைய ஒருவரைச் சந்திக்கும்போது, அவருக்கு எதைக் கற்பிக்கலாம் என்று எண்ணும் முன், மாயா மக்கள் கேட்பதுபோல் கேட்போம்: "உங்கள் வழி எப்படி இருக்கிறது?" விடையைக் கேட்டுக்கொள்ளும் வரை நமது செய்தி காத்திருக்கட்டும்.